விமானியின் மணித்தியாலக் கணக்கு நம்மைக் காப்பாற்றுமா?

சோளகம் ஓய்ந்து வள்ளங்கள் மறுபடி மேற்குக் கடலில் இறங்கத் தொடங்கியிருந்த ஒரு மாலையில் கண்டக்குழிக்குப் போயிருந்தேன். 1990இல் மன்னார்ப் பக்கமிருந்து வள்ளத்தில் இடம்பெயர்ந்து வந்து, திரும்பிப் போகாமலே அங்கு தங்கிவிட்ட ஒரு குடும்பத்தைப் பார்க்க. தகப்பனுக்குக் கடற்றொழில். மூத்த மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்து நல்ல பெறுபேறு எடுத்தவள். அவளுக்கு விமானி ஆக வேண்டும். கரையில் நின்றால் கட்டுநாயக்காவில் கிளம்பி வடக்கே போகும் விமானங்கள் தெரியும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வந்த ஆசை என்று தாய் சொன்னார்.

கொழும்புக்குப் போய் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள். 200 மணித்தியாலம் பறந்தால் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், பிறகு துணை விமானி வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மாமன் தொலைபேசியில் வேறு கதை சொன்னார். அமெரிக்காவில் 1,500 மணித்தியாலம் இல்லாமல் பயணிகள் விமானத்தின் விமானி அறைக்குள்ளேயே விடமாட்டார்களாம். தகப்பன் குழம்பிப்போயிருந்தார். குழப்பம் காசைப் பற்றியது மட்டுமல்ல.

"தம்பி, நான் முப்பது வருசமாக் கடலுக்குப் போறன். எனக்கே சில நாள் பயம் வரும். இருநூறு மணித்தியாலம் எண்டால் கணக்குப் பார்த்தா ஒரு மாசத் தொழில். ஒரு மாசம் தொழில் பழகின பிள்ளைட்ட எழுபது பேற்ற உயிரைக் குடுக்கலாமோ?"

தன் மகளைப் பற்றித்தான் கேட்டார். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதுமல்ல. போருக்குப் பிறகு எங்கள் குடும்பங்கள் மூன்று நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் சென்னை வைத்தியசாலைக்கும் விமானம்தான். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு அலையன்ஸ் எயார் வந்தது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கிறது. முன்னால் இருக்கும் இரண்டு பேரும் யார், எவ்வளவு பறந்தவர்கள் என்று பயணச்சீட்டில் எழுதியிருப்பதில்லை.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். உலகம் முழுவதற்கும் அடிப்படை விதி வகுப்பது ஐக்காவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. இலங்கையும் இந்தியாவும் அதில் உறுப்பு நாடுகள். அதன்படி வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியாக இருந்தால் 150 போதும். பெரிய பயணிகள் விமானத்தின் இடது ஆசனத்தில் தலைமை விமானியாக உட்கார வேறொரு அனுமதிப்பத்திரம் தேவை. அதற்கு 1,500 மணித்தியாலம். ஆக, 1,500 என்ற எண் அமெரிக்கா கண்டுபிடித்ததல்ல. உலகம் முழுவதும் அது தலைமை விமானிக்கான எல்லையாக இருந்து வந்தது. அமெரிக்கா செய்தது, அதை வலது ஆசனத்தில் இருக்கும் துணை விமானிக்கும் கட்டாயமாக்கியதுதான்.

அப்படிச் செய்ததற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பெப்ரவரி 12 இரவு, நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த கோல்கன் எயார் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் அந்த வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். நடந்தது இதுதான்: தரையிறங்கும் வேளையில் வேகம் கவனிக்கப்படாமல் குறைந்துகொண்டே போனது. வேகம் குறைந்து இறக்கையின் கோணம் கூடினால், ஒரு கட்டத்தில் காற்று இறக்கையைத் தாங்குவதை விட்டுவிடும். அதற்குச் சற்று முன்பே கட்டுப்பாட்டுத் தண்டு தானாக அதிர்ந்து எச்சரிக்கும். அப்போது மூக்கைக் கீழே தள்ள வேண்டும். தரை கிட்ட இருக்கும்போது கீழே தள்ளுவதற்கு மனம் இடங்கொடாது. அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். அன்றைக்குத் தலைமை விமானி தண்டைத் தன் பக்கம் இழுத்தார்.

இறந்தவர்களின் குடும்பங்கள் வொஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போய், காங்கிரஸ் உறுப்பினர்களின் கதவுகளைத் தட்டி, 2010இல் ஒரு சட்டத்தை நிறைவேற்ற வைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் எங்களுக்கு, ஒரு அரசாங்கம் குடும்பங்களின் குரலைக் கேட்டுப் பதினெட்டு மாதங்களில் சட்டம் செய்தது என்பதே ஆச்சரியம்தான். அந்தச் சட்டத்தின்படி 2013இலிருந்து துணை விமானிக்கும் 1,500 மணித்தியாலம் வேண்டும். இராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானத்துறையில் நான்கு வருடப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகை உண்டு.

இங்கே ஒரு விசித்திரம். பஃபலோவில் விழுந்த விமானத்தின் தலைமை விமானிக்கு 3,379 மணித்தியால அனுபவம் இருந்தது. துணை விமானிக்கு 2,244. சட்டம் பிறகு கேட்ட கணக்கை இரண்டு பேருமே அப்போதே தாண்டியிருந்தார்கள். அந்த விதி முன்னரே இருந்திருந்தாலும் அவர்கள் இருவரும் அன்றைக்கு அதே ஆசனங்களில்தான் இருந்திருப்பார்கள்.

விசாரணையில் வெளிவந்தவை வேறு விடயங்கள். தலைமை விமானி பல பரீட்சைகளில் முதல் தடவை தவறியவர். வேலைக்குச் சேரும்போது அவற்றில் சிலவற்றை நிறுவனத்துக்குச் சொல்லவுமில்லை. துணை விமானி முதல் நாளிரவு சியாட்டலிலிருந்து, நாட்டின் மறுகரையிலிருந்து, வேறு விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். தங்குவதற்கு இடம் பிடிக்கக் கட்டுப்படியாகாத சம்பளம். இருவரும் படுக்கையில் ஒழுங்காகத் தூங்கி எழுந்து வரவில்லை.

அந்தச் சட்டத்தில் இதற்கெல்லாமும் வழி இருந்தது. ஓய்வு நேர விதிகள் இறுக்கப்பட்டன. இறக்கை தாங்கலை இழக்கும் நிலையிலிருந்து மீளும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. விமானிகளின் பரீட்சை வரலாற்றை நிறுவனங்கள் பார்க்கக்கூடிய ஒரு தரவுத்தளம் உருவாக்கப்பட்டது. ஆனால் ஊரில் நினைவில் நின்றது எண் மட்டும்தான்.

அமெரிக்க விமானிகள் சங்கம் ஒரு வலுவான வாதம் வைக்கிறது. பஃபலோவுக்குப் பிறகு 2025 ஜனவரியில் வொஷிங்டன் ஆற்றின் மேல் பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதும் வரை, அந்த நாட்டின் பயணிகள் விமான நிறுவனங்களுக்குப் பெரிய விபத்து எதுவும் நேரவில்லை. உண்மை. ஆனால் ஒரே காலத்தில் ஐந்து மருந்து கொடுத்துவிட்டு, சுகமானதற்கு ஒன்றைக் காரணமாகச் சொல்ல முடியுமா? இதே காலத்தில் ஐரோப்பாவில் சுமார் 200 மணித்தியாலம் முடித்த இளைஞர்கள் துணை விமானிகளாகப் போயிங்குகளிலும் எயார்பஸ்களிலும் பறந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைப் பெருமளவில் எடுக்கும் ரையன்எயார் நிறுவனம் 1985இல் தொடங்கியதிலிருந்து விமான விபத்தில் ஒரு பயணியையும் இழந்ததில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் சட்டத்துக்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். பின்னால் சேர்ந்தவர்களில், கூடுதல் மணித்தியாலம் வைத்திருந்தும், மேலதிகப் பயிற்சி தேவைப்பட்டவர்களும் பயிற்சியை முடிக்காமல் போனவர்களும் அதிகமாக இருந்தார்கள்.

இது எப்படி நடக்கும்? 200க்கும் 1,500க்கும் இடையில் உள்ள 1,300 மணித்தியாலத்தை ஒரு அமெரிக்க இளைஞர் எப்படி நிரப்புகிறார் என்று பார்த்தால் புரியும். பெரும்பாலும் சிறிய ஒற்றை என்ஜின் விமானத்தில் புதிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து. சிலர் கடற்கரைக்கு மேலே விளம்பரப் பதாகை இழுத்துக்கொண்டு, எண்ணெய்க் குழாய் வழியே கண்காணித்துக்கொண்டு, நல்ல வெயிலில், ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி. எல்லாமே லொக் புத்தகத்தில் மணித்தியாலம்தான். அதற்குள் பயிற்சியில் கற்ற பழக்கங்கள் துருப்பிடித்துவிடும்.

கண்டக்குழி அண்ணனிடம் நான் அடுத்த தடவை போனபோது கேட்டேன்: முப்பது வருசத்தில் எத்தனை தரம் உண்மையில் உயிர் போகும் நிலை வந்தது? கொஞ்சம் யோசித்து, "மூண்டு தரம்" என்றார். அந்த மூன்றையும் நாள், காற்று, கூட இருந்த ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சொன்னார். மற்ற ஆயிரக்கணக்கான நாட்களைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. தொழில் தெரிந்தது அந்த மூன்று நாளில்தான் என்று நான் சொன்னால் மிகைப்படுத்தலாகிவிடும்; மற்ற நாட்கள் இல்லாமல் அந்த மூன்றில் தப்பியிருக்கவும் மாட்டார். ஆனால் எண்ணிக்கை மட்டும் அவரது கெட்டித்தனத்தைச் சொல்லாது.

விமானிக்கு அந்த மூன்று நாட்களை நிஜத்தில் தர முடியாது, தரவும் கூடாது. அதற்குத்தான் சிமியுலேட்டர். இன்றைக்கு விமான நிறுவன விமானி ஒவ்வொருவரும் வருடத்தில் இரண்டு தடவையாவது பரீட்சைக்கு உட்படுத்தப்படுகிறார். இந்தப் பரீட்சை பெரும்பாலும் சிமியுலேட்டரில்தான் நடக்கும். என்ஜின் நிற்பது, தீப்பிடிப்பது எல்லாம் அங்கே நிகழ்த்திக் காட்டப்படும். 200 மணித்தியாலத்துடன் சேரும் பிள்ளையை நேரே பயணிகளுடன் அனுப்புவதும் இல்லை. அந்த விமான வகைக்கான தனிப் பயிற்சி, அதன்பின் பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் இருக்க நிஜப் பறப்புகள், பிறகுதான் சாதாரண விமானியுடன். தகப்பனின் "ஒரு மாசத் தொழில்" என்ற கணக்கில் விடுபட்டது இதுதான்.

மணித்தியாலம் அதிகமாக இருந்தும் பயிற்சியில் ஓர் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எயார் பிரான்ஸ் 447 உதாரணம். 2009 ஜூன் 1, அத்திலாந்திக் கடலில் 228 பேர். மூன்று விமானிகளுக்கும் சேர்த்து 20,000 மணித்தியாலத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி தன்னியக்கக் கருவி பறந்த மணித்தியாலம். வேகமானி உறைந்து, தன்னியக்கம் விலகி, அந்த உயரத்தில் கையால் பறக்க வேண்டி வந்தபோது, அதற்குப் பழக்கப்படாத கை மூக்கை மேலே தூக்கியே வைத்திருந்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று நேபாளத்தில் நடந்தது. சென்னை–பலாலி வழியில் வரும் ஏ.ரி.ஆர். 72 வகையைச் சேர்ந்த விமானம்தான் அதுவும். 2023 ஜனவரி 15, பொக்கராவில் திறந்து இரண்டு வாரமே ஆன விமான நிலையத்தை நோக்கித் தெளிந்த வானத்தில் இறங்கிக்கொண்டிருந்த எட்டி எயார்லைன்ஸ் விமானம் ஆற்றுப் பள்ளத்தில் விழுந்து 72 பேரும் இறந்தார்கள். பறந்துகொண்டிருந்தவர் 6,000 மணித்தியாலத்துக்கு மேல் அனுபவமுள்ள தலைமை விமானி. புதிய விமான நிலையத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து பழக்கிக்கொண்டிருந்த பயிற்றுவிப்பாளருக்கு 21,000 மணித்தியாலத்துக்கு மேல். இருவருக்கும் சேர்த்து 28,000.

இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் நெம்புகோலை இழுக்கச் சொன்னபோது, பயிற்றுவிப்பாளரின் கை அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறு இரண்டு நெம்புகோல்களை இழுத்துவிட்டது. உந்துவிசை போய்விட்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, விசிறிகள் காற்றைத் தள்ளவில்லை. கிட்டத்தட்ட ஒரு நிமிடம். இருவரும் ஏன் சக்தி வரவில்லை என்று தேடினார்கள். கை போன இடத்தைப் பார்க்கவில்லை. விசாரணை அறிக்கை சொன்னது வேலைப்பளு, புதிய இடம், ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்க்கும் ஒழுங்கு கைவிடப்பட்டது என்பவற்றை. 21,000 மணித்தியாலம் பறந்த கைக்கும் அது நேர்ந்தது. ஒருவேளை அந்த அனுபவம்தான், பார்க்காமலே கையை நீட்டும் பழக்கத்தையும் கொடுத்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், அறிக்கையில் இல்லை.

மங்களூர் விபத்து வேறொரு விதம். 2010 மே 22, துபாயிலிருந்து வேலையாட்களையும் குடும்பங்களையும் ஏற்றிவந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேட்டு நிலத்தில் அமைந்த ஓடுபாதையின் முடிவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் எட்டுப் பேர்தான் தப்பினார்கள். தலைமை விமானிக்கு 10,000 மணித்தியாலத்துக்கு மேல். பயணத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அவர் தூங்கியிருந்தார்; குரல் பதிவில் குறட்டைச் சத்தம் இருக்கிறது. விழித்தபோது விமானம் மிக உயரத்தில் இருந்தது. துணை விமானிக்கு அவரைவிட மிகக் குறைந்த அனுபவம், 3,600 மணித்தியாலம் அளவில். ஆனால் தரையிறங்காமல் மேலே எழும்பி மறுபடி சுற்றி வருவோம் என்று மூன்று தடவை சொன்னவர் அவர்தான். மூத்தவர் கேட்கவில்லை. இளையவர் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவுமில்லை.

எங்கள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இயக்கங்களிலும் மூத்தவருக்கு எதிர்வார்த்தை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். ஆகாயத்தில் அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் இன்றைக்கு விமானிகளுக்கு ஒருவருடன் ஒருவர் கதைப்பதையே ஒரு பாடமாகக் கற்பிக்கிறார்கள்: இளையவர் எப்படிச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் எந்தக் கட்டத்தில் தானே எடுக்க வேண்டும், மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும். மணித்தியாலக் கணக்கை மட்டும் தலையில் தூக்கி வைத்தால், கணக்கு அதிகமானவரே எப்போதும் சரி என்ற எண்ணம் அதனோடு சேர்ந்தே வரும்.

அந்த எண்ணத்துக்கு ஒரு பெரிய வடிவமும் உண்டு. 2019 மார்ச் 10இல் எத்தியோப்பிய விமானம் விழுந்து 157 பேர் இறந்தபோது, துணை விமானிக்கு 361 மணித்தியாலம்தான் என்று மேற்கு நாடுகளில் உடனே எழுதினார்கள். ஏழை நாட்டு விமானிகள், குறைந்த பயிற்சி என்று. ஆனால் ஐந்து மாதங்களுக்கு முன்னால் இந்தோனேசியாவில் அதே போயிங் மெக்ஸ் வகை விமானம் 189 பேருடன் அதே விதமாகக் கடலில் விழுந்திருந்தது. அதன் விமானிகள் இருவருக்கும் தனித்தனியே 5,000 மணித்தியாலத்துக்கு மேல். ஒரேயொரு உணரி தவறான தகவல் கொடுத்தால் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளும் ஒரு மென்பொருள் அந்த விமானத்தில் இருந்தது. அது பற்றி விமானிகளின் கைநூலில் எழுதப்படவே இல்லை. 361 என்ற எண் போயிங்குக்குச் சில நாட்கள் ஒளிவதற்கு இடம் கொடுத்தது.

எண்ணை நம்பும் முறைக்கு இன்னொரு பலவீனம், அதைப் பொய்யாக எழுதலாம். பறக்காமலே லொக் புத்தகத்தில் எழுதும் மணித்தியாலத்துக்கு விமானிகளிடையே 'பார்க்கர் பேனா மணித்தியாலம்' என்று பகிடியாகப் பெயர் உண்டு. 2011இல் இந்தியாவில் ஒரு விமானி முன்சக்கரத்தில் தரையிறக்கியதைத் தோண்டப்போய், போலிப் பெறுபேற்றுத் தாள்களும், ராஜஸ்தானில் பறக்காத மணித்தியாலங்களுக்குச் சான்று கொடுத்த விவகாரமும் வெளிவந்து, விமானிகள் கைதானார்கள். 2020இல் கராச்சியில் விமானம் விழுந்து அதில் இருந்த 97 பேர் இறந்த பின், பாகிஸ்தான் விமானத்துறை அமைச்சர் நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் அனுமதிப்பத்திரங்கள் சந்தேகத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். எண்ணிக்கை பின்னர் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் ஐரோப்பா பாகிஸ்தான் சர்வதேச விமான சேவைக்குத் தடை போட்டுவிட்டது. விழுந்த விமானத்தின் தலைமை விமானிக்கு 17,000 மணித்தியாலத்துக்கு மேல் உண்மையான அனுபவம் இருந்தது. சக்கரத்தை இறக்காமல் ஓடுபாதையைத் தொட்டு, இரண்டு என்ஜின்களையும் உரசி, மறுபடி மேலே எழும்பினார்.

இத்தனையும் எழுதியபின் மணித்தியாலத்தால் பயனே இல்லை என்று முடித்தால் அது பொய். 2009 ஜனவரி 15இல் பறவைகள் மோதி இரண்டு என்ஜினும் நின்ற விமானத்தை நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சலன்பெர்கருக்கு 19,000க்கு மேல் மணித்தியாலம். 1,500 விதியைத் தளர்த்தக்கூடாது என்று பகிரங்கமாகப் பேசிவருபவர்களில் அவரும் ஒருவர். அவர் சொல்வதை லேசாகத் தள்ள முடியாது. தனியாக மேகத்துக்குள் மாட்டி, பயந்து, தானே முடிவெடுத்து வெளியே வந்த அனுபவம் சிமியுலேட்டரில் கிடைக்காது. அங்கே பிழைத்தால் ஆள் செத்துப்போவதில்லை என்பது பழகுபவருக்குத் தெரியும். ஆனால் அதே விமானத்தின் துணை விமானியையும் பாருங்கள். அவருக்கும் 15,000க்கு மேல் அனுபவம், அந்த வகை விமானத்தில் மட்டும் வெறும் 37 மணித்தியாலம். பயிற்சி முடித்து வந்த முதல் சுற்று. வகைப் பயிற்சி புதிதாக முடித்திருந்ததால், என்ஜின் மீள இயக்கும் பட்டியல் தன் நினைவில் பச்சையாக இருந்தது என்று அவரே சொன்னார்.

என் முடிவு இது. தலைமை விமானிக்கு 1,500 என்ற எல்லை இருக்கத்தான் வேண்டும். துணை விமானிக்கும் அதையே கேட்பதால் பாதுகாப்பு கூடியது என்று காட்டும் சான்று பலவீனமானது. பாதுகாப்பைக் கூட்டியவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு இருக்கின்றன. மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் 1974 டிசம்பர் 4இல் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த மார்ட்டின்எயார் விமானம் மோதி 191 பேர் இறந்தது மலையக மக்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. எந்த இடத்துக்கு மேல் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, கொழும்பு நெருங்கிவிட்டதாக எண்ணி இறங்கினார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் அமெரிக்காவிலும் ஒரு விமானம் அதே மாதிரி மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அதன்பிறகுதான் தரை நெருங்கினால் சத்தமிட்டு எச்சரிக்கும் கருவி அங்கே கட்டாயமானது. பிறகு உலகம் எங்கும். நல்ல நிலையில் உள்ள விமானம் தெரியாமல் மலையில் மோதுவது, ஒரு காலத்தில் விமானப் பயணிகளைக் கொன்ற முதன்மைக் காரணம், இன்று அரிதாகிவிட்டது. விமானிகளின் மணித்தியாலத்தைக் கூட்டி அது நடக்கவில்லை.

கண்டக்குழியில் இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த வயதான ஒருவர் தலை நிமிராமல் கேட்டார்: "அந்த லயன் எயாரை ஓட்டினவைக்கு எத்தினை மணித்தியாலம் எண்டு ஆராவது கேட்டவையோ?"

1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன்எயார் 602, மன்னார்க் கடலுக்கு மேல் காணாமல் போனது. 48 பயணிகள், எல்லோரும் தமிழர். பணியாளர்கள் ஏழு பேர். தரைவழி மூடியிருந்த காலம். ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்றும் செய்தது புலிகள் என்றும் அரசு சொன்னது. புலிகள் உரிமை கோரவில்லை. போர் முடிந்த பின்புதான் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் சிதைவுகள் எடுக்கப்பட்டு, 2014இல் உடுபுடைவைகள் யாழ்ப்பாணத்தில் உறவினர்களுக்குக் காட்டப்பட்டன. 2014 ஜூலையில் உக்ரைனுக்கு மேல் மலேசிய விமானம் 298 பேருடன் வீழ்த்தப்பட்டபோது உலகம் கேட்ட கேள்வி, போர் நடக்கும் வானத்தில் பயணிகள் விமானத்தை ஏன் விட்டீர்கள் என்பது. அந்தக் கேள்வி எங்கள் கடலில் பதினாறு வருடம் முன்னாலேயே இருந்தது. அவருக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. விமானியின் மணித்தியாலத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மகளின் விடயத்துக்கு வருகிறேன். மணித்தியால விதியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விடுபடும் ஒன்று அதன் விலை. சிறிய விமானத்தின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எரிபொருளும் வாடகையும் பயிற்றுவிப்பாளர் சம்பளமும் உண்டு. 200க்கே அந்த வீட்டில் கோடி என்ற சொல் அடிக்கடி அடிபட்டது. 1,500 என்று வைத்தால், பறந்து சம்பாதிக்கச் சிறு விமானத் தொழில் அமெரிக்கா போலப் பெருகியிராத இலங்கையில், மீதி 1,300ஐ வாங்கக்கூடியவர் யார்? வடிகட்டி எஞ்சுவது கெட்டிக்காரரா, காசுக்காரரா? காசு கட்டி வாங்கிய மணித்தியாலம் பயணிக்கு எந்த விதத்தில் காவல்?

தகப்பனுக்கு நான் சொன்னவை சில. வள்ளத்தையும் என்ஜினையும் விற்கும் கதையை இப்போது எடுக்க வேண்டாம். முதலில் விமானிகளுக்கான முதல்தர மருத்துவப் பரிசோதனை; கண்ணிலோ இதயத்திலோ ஒரு குறை தெரிந்தால் கட்டிய காசு முழுவதும் கடலில் போட்டது போல. பயிற்சி நிலையத்துக்கு சிவில் விமான அதிகாரசபையின் அங்கீகாரம் இப்போது செல்லுபடியாக இருக்கிறதா என்று நிலையத்தைக் கேட்காமல் அதிகாரசபையையே கேளுங்கள். எத்தனை விமானம் பறக்கும் நிலையில் உள்ளது, போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 200ஐ முடித்தார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாக விசாரியுங்கள். விமானம் பழுதாகி மாதக்கணக்காகக் காத்திருந்தால், நேற்றுப் பழகியதை நாளை மறக்கும். அந்த மணித்தியாலமும் கணக்கில் வரும், கையில் வராது.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "உனக்குப் பெரியாக்களோட எதிர்த்துக் கதைக்க ஏலுமோ?" என்றார்.

"உங்களோட கதைக்கிறன்தானே" என்றாள்.

மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறார்கள்.